பேய்க்கை நின்ற நாள்

குரு என்றதும் வெள்ளைத் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் மாட்டிப் பழகிய ஜெசிந்தா. சீடருக்கு ஐம்பத்திரண்டு. தலை பாதி வழுக்கை, வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். பெயர் பொன்னரசு. ஆனால் சங்ககிரிப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பேய்க்கை என்று கேட்டால் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெயர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால்.

பொன்னரசு இருபத்தைந்து வருஷம் வாட்டர் சர்வீஸ் நடத்தியவர். லாரியானாலும் காரானாலும் அவர் கழுவி விட்டால் ஈ உட்கார யோசிக்கும். பிறகு ஊருக்குள் புது வழக்கம் வந்தது. வண்டிக்காரரே வந்து, வண்டியை நிறுத்தி, தானே கழுவிக்கொண்டு போகும் கடைகள். அங்கே ஹோஸ் தரையில் கிடக்காது. கூரையில் ஓர் இரும்புக் கை இருக்கும், அதன் நுனியிலிருந்து ஹோஸ் தொங்கும். ஆள் காரைச் சுற்றி நடந்தால் கையும் கூடவே சுற்றிவரும். தொழிலில் அதற்குப் பூம் என்று பெயர்.

அப்படி ஒரு கடையில் முதல் பூமை மாட்டியவர் பொன்னரசு. திறப்பு விழா அன்று டாக்ஸி ஸ்டாண்டு அத்தியப்பன் தன் புது வெள்ளைக் காரை மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். மதியம் அதில் மாப்பிள்ளை அழைப்பு. எல்லோரும் கற்பூரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே அந்தக் கை மெல்ல நகர்ந்தது. யாரோ பிடித்து நடத்திப்போவது போல நடந்தது. ஹோஸ் முனையில் தொங்கிய, தண்ணீர் பீய்ச்சும் பித்தளைத் துப்பாக்கி போய்க் காரின் பக்கக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி சில்லுச் சில்லாகப் போயிற்று.

"பேயி!" என்றார் அத்தியப்பன்.

அவ்வளவுதான். பெயர் ஒட்டிக்கொண்டது.

பொன்னரசு சும்மா இருக்கவில்லை. பூம் சரியில்லை என்று கழற்றி வேறு மாட்டினார். அதுவும் நடந்தது. அதைவிட உசத்தியானதை வரவழைத்து மாட்டினார். அது இன்னும் வேகமாக நடந்தது. சரக்கு உசத்தியாக உசத்தியாகப் பேய்க்கும் தெம்பு கூடிற்று.

"பூம்லதான் கோளாறுங்க" என்று பொன்னரசு சொன்னபோது அத்தியப்பன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதோடு பொன்னரசு பூம் மாட்டும் வேலையை விட்டார், கழுவும் கடைகளுக்குத் தரை போட்டுக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். பூமும் வேண்டாம், பொல்லாப்பும் வேண்டாம். ஆனால் ஊர் விடவில்லை. கல்யாணப் பந்தியில் யாராவது ஒருவன் கையைக் காற்றில் நீட்டி மெல்ல நகர்த்திக் காட்டுவான். பந்தியே சிரிக்கும். பொன்னரசுவும் சேர்ந்து சிரிப்பார். அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் மில் நாச்சிமுத்து நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிக்கு ஒன்றாக மூன்று கூரைச் செட் போட்டு அதே மாதிரிக் கடை ஒன்று கட்டினார். தரை போடும் வேலை மட்டும் பொன்னரசுவுக்கு. தரைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அதை எதிரியும் ஒப்புக்கொள்வான். பூம் மாட்ட ஜெசிந்தாவை வரவழைத்திருந்தார்கள்.

ஜெசிந்தா வந்து இறங்கிய அன்றே பொன்னரசு போய் எதிரே நின்றார்.

"அம்மிணி, எனக்கு இதைக் கத்துக் குடுங்க."

"வயசுல மூத்தவங்க நீங்க, அண்ணாச்சி."

"வயசு தன்னால ஏறிப்போச்சுங்க. இந்த வேலை மட்டும் ஏறலை."

ஜெசிந்தா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூணு செட் இருக்கு. ரெண்டுல நான் மாட்டுதேன். மூணாவது ஒங்களுக்கு. நான் கிட்ட வர மாட்டேன். வெள்ளிக்கெழமை தொறப்பு விழா. கை நின்னா நின்னது. நடந்தா நானே கழட்டிருவேன்."

"நடந்தாக்க நீங்க கழட்ட வேண்டியதில்லீங்க. இந்த ஊர்ல நான் எதைத் தொட்டாலும் அதுதான் கடைசி."

 

பொன்னரசு பையிலிருந்து நாலைந்து கம்பெனி விலைப்பட்டியல்களை எடுத்து விரித்தார். ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு கை. சுவரில் மாட்டும் கை, கூரையில் மாட்டும் கை, மடங்கும் கை, ஸ்பிரிங் வைத்த கை.

"எந்த பூம் நல்லதுங்க, அம்மிணி?"

ஜெசிந்தா பட்டியல்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஒங்க வேனைக் கொண்டாந்து கழுவுங்க."

"பூம் இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

பொன்னரசு தன் பழைய வேனை முதல் செட்டுக்குள் விட்டு, தரையில் கிடந்த ஹோஸை இழுத்துக்கொண்டு கழுவினார். ஜெசிந்தா ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு பின்னாலேயே வந்தார். ஹோஸ் காலில் தடுக்கிய இடத்தில் ஒரு கோடு. டயருக்கு அடியில் சிக்கிய இடத்தில் ஒரு கோடு. கழுவிய பக்கத்தில் மறுபடி உரசி அழுக்காக்கிய இடத்தில் ஒரு கோடு. இருபத்தைந்து வருஷ அனுபவசாலிக்குப் பதினொரு கோடு விழுந்தது. பொன்னரசுவுக்கு வெட்கமாகப் போயிற்று.

அதோடு விடவில்லை. வழியில் போன டெம்போக்காரரைக் கூப்பிட்டுக் கழுவச் சொன்னார் ஜெசிந்தா. இடதுகைப் பழக்கமுள்ள பள்ளி வேன் டிரைவர் அம்மா ஒருத்தரையும் கழுவச் சொன்னார். அவர் எல்லோருக்கும் எதிர்த் திசையில் சுற்றினார். கோடுகளும் எதிர்த் திசையில் விழுந்தன.

கடைசியில் வண்டியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு ஜெசிந்தா கேட்டார்: "கோடு விழாத எடம் எது, அண்ணாச்சி?"

சுற்றிலும் கோடு. வண்டி நின்ற நடு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"நடுவுலைங்க."

"நடுவுல வண்டி நிக்கும். ஹோஸ் எங்க நிக்கட்டும்?"

பொன்னரசு மெல்ல அண்ணாந்து பார்த்தார். நடுவுக்கு நேர் மேலே கூரைச் சட்டம் ஓடிற்று. சுவரில் மாட்டும் கைதான் பலம் என்று அவர் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தார். அது அரை வட்டந்தான் சுற்றும். அந்த டிரைவர் அம்மா கழுவ வந்தால் பாதியில் நின்று காரின் முதுகில் ஹோஸைப் போட்டு இழுக்கும். அவர் பட்டியல்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் ஜெசிந்தா தன் இரண்டு செட்டில் வேலை செய்தார். பொன்னரசு கூடவே நின்று பார்த்தார். தண்ணீருக்கு ஒரு கை, நுரைக்கு ஒரு கை. இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாமல் ஒன்றுக்கு ஒரு சாண் கீழே மற்றது.

"எதுக்குங்க இப்படி?"

"ஒரே ஒசரத்துல விட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். ரெண்டு மருமவ உள்ள வீட்டுல ஒரு அடுப்பு போதுமா, அண்ணாச்சி?"

ஹோஸை அளக்க ஜெசிந்தா டேப்பை எடுக்கவில்லை. பொன்னரசுவை வண்டியின் கடைக்கோடி டயருக்குப் பக்கத்தில் குந்தவைத்து, துப்பாக்கியைக் கையில் கொடுத்து, எட்டுகிறதா என்று பார்த்து அங்கே வெட்டினார். கையை விட்டால் துப்பாக்கி தரையில் இடிக்கிறதா என்றும் பார்த்தார்.

இடையில் ஒரு வேலை மட்டும் பொன்னரசுவுக்குச் சிரிப்பு மூட்டியது. ஜெசிந்தா உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் ரொப்பி, இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக இழுத்துப் பிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கிற அதே டியூப். பொன்னரசு இடுப்பில் எஃகு டேப் தொங்கிற்று, நூல் அளவுகூடப் பிசகாத டேப். பாவம், சின்னப் பிள்ளை, டேப் பிடிக்கப் பழகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நிற்காமல் போய் டீ குடித்துவிட்டும் வந்தார்.

புதன்கிழமை மூன்றாவது செட் அவருடையது.

பொன்னரசு அன்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. குளித்து, திருநீறு பூசி, சட்டத்தின் நடுவில் பூமைத் தூக்கி மாட்டினார். கையை நான்கு திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் நுனியிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தார். ஒரு பக்கம் கூட இருந்தால் நட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்துச் சரிசெய்தார். கடைசியில் நான்கு பக்கமும் எட்டரை அடி. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் எட்டரை.

கையை வாசல் பக்கம் நிறுத்தினார். விட்டார்.

கை நின்றது. பொன்னரசு மூச்சு விட்டார். அவர் மூச்சு விட்டதும் அது கிளம்பியது. மெல்ல, அவசரமே இல்லாமல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த அதே நடை. சுற்றிப் போய்ப் பின்சுவர்ப் பக்கம் நின்று லேசாக ஆடிற்று.

மறுபடி இழுத்து விட்டார். மறுபடி அங்கேயே போய் நின்றது.

பொன்னரசு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அழவேண்டும் போல இருந்தது, ஐம்பத்திரண்டு வயதில் அதற்கும் கூச்சமாக இருந்தது. ஜெசிந்தா வாசலில் வந்து நின்றதைக்கூட அவர் பார்க்கவில்லை.

"அம்மிணி, கழட்டிருங்க. கோளாறு பூம்ல இல்லீங்க. என்ர கையிலதான்."

ஜெசிந்தா உள்ளே வந்தார். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் கவிழ்த்தார்.

தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நூல் பிடித்தாற்போல் பின்சுவரை நோக்கி ஓடி, அங்கே இருந்த வடிகாலுக்குள் இறங்கிற்று. ஒரு சொட்டுக்கூட வழியில் தேங்கவில்லை.

"யாரு போட்ட தரை, அண்ணாச்சி?"

"நாந்தானுங்க." அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "தண்ணி ஓட அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். இந்த ஜில்லாவுல இப்படி வாட்டம் குடுக்க ஆளு..."

பாதியில் நிறுத்தினார்.

தண்ணீர் போன இடத்தைப் பார்த்தார். கை போய் நின்ற இடத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே இடம். கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். நான்கு பக்கமும் எட்டரை அடி. எங்கிருந்து எட்டரை? சாய்ந்து கிடக்கிற தரையிலிருந்து. தரை சாய்ந்தால், அதிலிருந்து அளந்த கையும் அப்படியே சாய்ந்துதானே நிற்கும்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டிய கடையிலும் தரை அவர் போட்டதுதான். அங்கேயும் நல்ல வாட்டம்.

கூடம் நிஜமாகவே கோணல்தான். கோணலாக்கியவர் ஆட வந்தவரேதான்.

பொன்னரசு சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வந்தது. அதுவும் வாட்டம் பார்த்துக் கன்னத்தில் இறங்கிற்று.

"இதை மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க, அம்மிணி?"

"சொல்லியிருந்தா தரையை இடிச்சு மட்டமாக்கியிருப்பீங்க."

அது உண்மை. அவர் அப்படித்தான் செய்திருப்பார். பிறகு தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, வழுக்கி விழுந்து வேறொரு பட்டப்பெயர் வாங்கியிருப்பார்.

"அந்த டியூபைக் கொஞ்சம் குடுங்க" என்றார் பொன்னரசு.

நான்கு தூணிலும் தண்ணீர் மட்டம் பார்த்துக் கோடு போட்டார். கோட்டுக்குக் கோடு நூல் கட்டினார். கை எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் நுனி நூலைத் தொட்டும் தொடாமலும் போகிறவரை வாஷர்களை மாற்றினார். டேப் இடுப்பில் சும்மா தொங்கிற்று. வேலை முடிந்ததும் கையை வாசல் பக்கம் நிறுத்தி விட்டார். நின்றது. சுவர்ப் பக்கம் விட்டார். நின்றது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் நின்றது. வீட்டுக்குப் போய் மூன்று வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பூசணிக்காய் உடைந்தது. கேசரியும் பன்னீர் சோடாவும் ஓடின. கழுவ வந்தவர்களைவிடப் பேய்க்கையைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். பந்தியில் கையை ஆட்டிக் காட்டுகிறவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் நின்றார்கள்.

அத்தியப்பனும் வந்தார், அதே வெள்ளைக் காரோடு. முதல் செட் காலி, இரண்டாவதும் காலி. அவர் நேராக மூன்றாவது செட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கியதும் பக்கக் கண்ணாடி இரண்டையும் மடக்கினார். கூட்டம் சிரித்தது.

"மாமா, இன்னிக்கும் கண்ணாடி போனா ஆரு பொறுப்பு?" என்று கேட்டார்.

"கழுவிப் பாரு மாப்ளே" என்றார் பொன்னரசு. 

அத்தியப்பன் சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பச்சைமிளகாயோடு சேர்த்து நூலில் கோத்திருந்தது. பேய்க்குக் காப்பு. அதைக் கையின் நுனியில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்து, விட்டுவிட்டு ஒதுங்கினார். அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

ஊரே அண்ணாந்து பார்த்தது. சோடா குடித்தவர்கள் வாயிலிருந்து பாட்டிலை எடுக்க மறந்தார்கள்.

எலுமிச்சம்பழம் இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. கை அசையவில்லை.

அத்தியப்பன் கையைச் சுவர்ப் பக்கம் திருப்பி விட்டார். அங்கேயும் நின்றது. வடிகாலுக்கு எதிர்ப்புறம் இழுத்து விட்டார். அங்கேயும் நின்றது. நான்காவது தடவை ஊதிக்கூடப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் எல்லோரும் அடித்தார்கள். நாச்சிமுத்து பெரிய மனிதர் என்பதை மறந்து தானும் இரண்டு விரலை வாயில் வைத்தார்.

"மாமோவ்," என்று அத்தியப்பன் கத்தினார், "பேயை எங்க அனுப்புனீங்க?"

"சாக்கடையில எறக்கி விட்டுட்டேன் மாப்ளே!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பொன்னரசு சொன்ன பேச்சுக்கு ஊர் சிரித்தது. அவருக்குக் காது சூடாகிவிட்டது. வானத்தில் நடப்பது போல இருந்தது. அவர் மனைவி தூரத்தில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார், பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தியப்பன் எலுமிச்சம்பழத்தைக் கழற்றிப் பொன்னரசுவின் கையில் கொடுத்தார். "ஜூஸ் போட்டுக் குடிங்க" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

நாச்சிமுத்து ஜெசிந்தாவிடம் வந்தார். "அம்மிணி, பவானி ரோட்டுல இதே மாதிரி இன்னொண்ணு கட்டறேன். ஆறு செட்டு. தை மாசம் நீங்க வந்து மாட்டிக் குடுக்கோணும்."

"அம்புட்டுத் தூரத்துலருந்து நான் எதுக்கு? அதுக்குத்தான் பொன்னரசு அண்ணாச்சி இருக்காவளே."

நாச்சிமுத்து திரும்பிப் பொன்னரசுவைப் பார்த்தார். "தையில சௌகரியப்படுமாங்க?" என்று கேட்டார். அந்த 'ங்க' பொன்னரசுவின் காதில் நாதஸ்வரம் போல விழுந்தது.

மதியம் ஜெசிந்தா பையைக் கட்டினார். மூன்று செட்டிலும் வண்டி கழுவல் நடந்துகொண்டிருந்தது. பொன்னரசு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லாம் கத்துக் குடுத்தீங்க. மொத நாள் கேட்டதுக்கு மட்டும் இன்னும் பதில் வரலீங்க, அம்மிணி."

"என்ன கேட்டீங்க?"

"எந்த பூம் நல்லதுங்க?"

ஜெசிந்தா மூன்றாவது செட்டின் பக்கம் திரும்பினார். காலையில் கழுவியது போதாதென்று அத்தியப்பன் ஸ்டாண்டிலிருந்து இன்னொரு காரைக் கொண்டுவந்திருந்தார். முழங்கால்வரை நுரை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காரை முழுவட்டமாகச் சுற்றிவந்தார். டயருக்குக் குந்தினார், கூரைக்கு எழுந்தார், கதவைத் தட்டித் தாளம் போட்டார். அவர் தலைக்கு மேல் கை கூடவே வந்தது, அவர் நின்றபோது நின்றது.

ஜெசிந்தா கேட்டார்:

"கழுவ ஆரம்பிச்ச பொறவு அவரு ஒரு தடவையாவது மேல பாத்தாரா, அண்ணாச்சி?"